பனி பெய்வதில்லை: மலையில் தனியே கழிக்கும் முதல் இரவுக்கான மூட்டை

தை மாதத்து விடியற்காலையில் தருமபுரிப் பக்கத்து ஊர் ஒன்றில், இரவெல்லாம் வாசலில் திறந்தவெளியில் நின்ற இருசக்கர வண்டியின் இருக்கை உள்ளங்கையால் வழித்தால் நீர் சொட்டும் அளவுக்கு நனைந்திருக்க, பத்தடி தள்ளிப் புளியமரத்தடியில் நின்ற மற்றொரு வண்டியின் இருக்கை உலர்ந்தே இருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். இரண்டு வண்டிகளையும் சூழ்ந்திருந்த காற்று ஒன்றே, இரவும் ஒன்றே. பனி மழையைப் போல மேலிருந்து பெய்ததாகவும், மரக்கிளைகள் குடையாக நின்று அதைத் தடுத்ததாகவும் கொள்வது இயல்பான விளக்கம். தமிழ் வழக்கும் 'பனி பெய்கிறது', 'பனி இறங்குகிறது' என்றே சொல்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்னும் பழமொழியிலும் பனி மேலிருந்து கீழே பாயும் பொருளாகவே வருகிறது. ஆனால் பனி பெய்வதில்லை. அந்த இருக்கையின்மேல் நின்ற நீர், இருக்கையைத் தொட்டுக்கொண்டிருந்த காற்றிலிருந்தே அங்கே திரண்டது. அவ்வாறு திரளும்படி இருக்கை குளிர்ந்ததற்குக் காரணம், அது இரவு முழுவதும் தடையின்றி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

மலையில் முதன்முறையாகத் தனியே ஓர் இரவு தங்கப் புறப்படுபவர் தம் முதுகுப்பையில் எதை வைக்க வேண்டும், எதை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்னும் கேள்விக்கும் இந்தப் புதிரின் விடையே பாதி விடை ஆகிறது. புதிதாகக் கிளம்புவோர் பெரும்பாலும் ஏற்றத்தை மனத்தில் வைத்தே மூட்டை கட்டுகின்றனர். கனத்த காலணி, கைத்தடி, தின்பண்டம் என ஏறும் பொழுதுக்கு வேண்டியவை முதலில் பைக்குள் போகின்றன. ஏற்றமோ சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன்பின் வரும் இரவு பன்னிரண்டு மணி நேரம் நீள்கிறது; வியர்வை காயாத உடம்போடு, அசையாமல், தரையில் கிடக்க வேண்டிய அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்காகவே பை கட்டப்பட வேண்டும்.

எங்கே தங்குவது என்பது பையைவிட முந்திய கேள்வி. தருமபுரி மாவட்டத்தில் மலைக்குக் குறைவில்லை: வத்தல்மலை, சித்தேரி மலை, தீர்த்தமலை, பென்னாகரத்தை ஒட்டிய காட்டு மலைகள் என நாற்புறமும் மலைகளே. ஆயினும் இவற்றில் பெரும்பகுதி காப்புக்காடு. அதற்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம், தனியே இரவு தங்குவது அதனினும் பெரிய குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீ மலையேறச் சென்ற 23 பேரைப் பலிகொண்டபின், மாநில அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளை அறிவித்து, வழிகாட்டியுடன் முன்பதிவு செய்து செல்லும் முறையைக் கொண்டுவந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு 2022 இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் ஆயிற்று. அது யானைகளின் வாழிடம், யானைகள் இரவில் நடமாடுபவை. ஆகவே இம்மாவட்டத்தில் தனியே ஓர் இரவு என்பதற்குச் சரியான பொருள், வத்தல்மலை போன்ற மலையூருக்கு நடந்து ஏறி, ஊராரின் இசைவோடு ஒருவருடைய பட்டா நிலத்திலோ வீட்டுத் திண்ணையிலோ தங்கி, மறுநாள் இறங்குவதே ஆகும். இந்தக் கட்டுரை அத்தகைய இரவைக் கருத்தில் கொண்டே பையைப் பிரிக்கிறது.

வத்தல்மலை தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல் அமைந்தது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் காப்பியும் விளைவிக்கும் சிற்றூர்கள் அங்கே உள்ளன. நகரம் ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஏற வேண்டிய செங்குத்து உயரம் சுமார் 600 மீட்டர். காற்று மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைந்து விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்துவிடும்போது சீறி வரும் காற்று கைக்குச் சில்லென்றிருப்பதும் விரிவினாலேயே. சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஆறரை பாகை செல்சியஸ் குறைகிறது என்பது வளிமண்டலவியலாரின் கணக்கு. நகரில் விடியற்காலை 18 பாகை என்றால் மேலே 14 பாகையை எதிர்பார்க்கலாம். 14 பாகை என்பது உறைபனி அன்று. கம்பளிச் சட்டையோடு எழுந்து நடமாடும் ஒருவர் அதைச் சுகமான குளிர் என்றே சொல்வார். அதே 14 பாகையில் நனைந்த பனியனோடு வெறுந்தரையில் படுப்பவர் விடியும்வரை நடுங்குவார். காற்றின் வெப்பநிலை மட்டுமே இந்த வேறுபாட்டை விளக்காது.

உடல் ஓர் அணையாத அடுப்பு. ஓய்ந்து படுத்திருக்கும் வயதுவந்த ஒருவரின் உடல் ஏறத்தாழ 75 முதல் 100 வாட் வெப்பத்தை இடைவிடாது உண்டாக்குகிறது. பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. இந்த வெப்பம் நான்கு வழிகளில் வெளியேறுகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் நேரடியாகப் பாய்வது வெப்பக்கடத்தல்; சுற்றியுள்ள காற்று சூடாகி நகர்ந்து எடுத்துப்போவது வெப்பச்சலனம்; தோலின் ஈரம் ஆவியாகும்போது இழுத்துச் செல்வது ஆவியாதல்; தொடர்பே இல்லாமல், இடையில் காற்றே இல்லாவிட்டாலும், கண்ணுக்குப் புலப்படாத ஒளியாக வெளியேறுவது கதிர்வீச்சு. முதல் மூன்றும் அனுபவத்தில் எளிதில் பிடிபடுபவை. நான்காவதுதான் வண்டியின் இருக்கையை நனைத்தது. படுத்திருப்பவரையும் பெரிதும் ஏமாற்றுவது அதுவே.

எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கேற்பக் கதிர்வீச்சை வெளியிட்டபடியே இருக்கின்றன. சுவரும் மரமும் மனிதரும் ஒருவர்மேல் ஒருவர் வெப்பத்தைப் பொழிந்துகொள்வதால், வீட்டுக்குள் கொடுப்பதும் வாங்குவதும் ஏறத்தாழச் சரியாகிவிடுகின்றன. மொய் எழுதும் ஊர்வழக்கம் போன்றது இது: எழுதிய மொய் வேறொரு நாளில் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் மேகமற்ற இரவு வானம் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத உறவினர். காற்றுமண்டலத்தின் நீராவியும் கரியமில வாயுவும் தரையிலிருந்து எழும் கதிர்வீச்சில் பெரும்பங்கை வாங்கித் திருப்பி அனுப்பினாலும், குறிப்பிட்ட சில அலைநீளங்களை அவை தடுப்பதில்லை. வளிமண்டலச் சாளரம் எனப்படும் அந்த இடைவெளி வழியே தரையின் வெப்பம் நேரே விண்வெளிக்குப் போய்விடுகிறது. மேகம் வந்தால் சாளரம் சாத்தப்படுகிறது. அதனால்தான் மூட்டமான இரவில் பனி இல்லை, புழுக்கமே மிஞ்சுகிறது. இவ்வாறு வானத்துக்கு வெப்பத்தை இழந்து ஒரு பொருள் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடவும் குளிர்ந்துபோவதைக் கதிர்வீச்சுக் குளிர்வு எனலாம். அப்பொருளைத் தொடும் காற்று, தான் சுமக்கும் நீராவியை இனித் தாங்க முடியாத வெப்பநிலைக்கு, அதாவது பனிநிலைக்கு, இறங்கும்போது நீராவி அங்கேயே துளியாகிறது. குளிர்ந்த மோர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இப்படித்தான். சொம்பின்மேல் எதுவும் பெய்யவில்லை.

இதை எவ்வாறு அறிந்தனர் என்பது சொல்லத் தகுந்த வரலாறு. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர், தம் நண்பரின் தோட்டத்தில் இரவுகளைக் கழித்து, 1814 இல் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய கருவிகள் வெப்பமானிகளும் கம்பளிப் பஞ்சும் தராசுமே. 10 கிரெயின் எடையுள்ள, அதாவது ஒரு கிராமிலும் குறைந்த பஞ்சுத் துண்டுகளை மாலையில் வைத்து, காலையில் எடுத்து நிறுத்தால், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பனி சேர்ந்தது என்று எண்ணாகவே கிடைத்துவிடும். முட்டுக் கொடுத்து உயர்த்திய பலகை ஒன்றின் மேலே வைத்த பஞ்சு 14 கிரெயின் நீரை ஏற்றது, அதே பலகையின் அடியில் ஒட்டிய பஞ்சு 4 கிரெயினே ஏற்றது. இதனால் மட்டும் பனி பெய்கிறது என்பவரை மறுக்க முடியாது. பலகை குடையாயிற்று என்று அவர் சொல்லிவிடுவார். வெல்ஸின் நுட்பம் அடுத்த சோதனையில் தெரிகிறது. உறைகிணற்றுக்கு இறக்கும் உறையைப் போல மேலும் கீழும் திறந்த சுடுமண் உருளை ஒன்றைப் புல்லின்மேல் நிறுத்தி, அதன் நடுவே பஞ்சை வைத்தார். பனி நேராக மேலிருந்து விழுவதாயின் உருளையின் திறந்த வாய் அதைத் தடுக்காது. உள்ளே இருந்த பஞ்சும் வெளியே இருந்த பஞ்சும் சமமாக நனைந்திருக்க வேண்டும். வெளியே இருந்தது 16 கிரெயின் நீர் ஏற்றிருக்க, உள்ளே இருந்தது 2 கிரெயினே ஏற்றிருந்தது. உருளையின் சுவர் பனியைத் தடுக்கவில்லை, வானத்தின் பெரும்பகுதியைப் பஞ்சின் பார்வையிலிருந்து மறைத்தது. மேலும், பனி சேரத் தொடங்குமுன்பே புல் காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதை அவருடைய வெப்பமானிகள் காட்டின. பனி குளிரைக் கொண்டுவரவில்லை, குளிர் பனியைக் கொண்டுவந்தது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, ஒரு மொழியின் அன்றாடச் சொல்வழக்கையே பிழையென்று நிறுவிய சோதனைகள் இவை. இவற்றைப் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம்.

பைக்குத் திரும்பினால், முதல் முடிவு தெளிவாகிறது: மேலே விரித்துக் கட்ட ஒரு மெல்லிய தார்ப்பாய் வேண்டும். அரைக் கிலோகூட நிறையாத அந்த விரிப்பு வானத்தைப் பார்வையிலிருந்து மறைத்து, உறங்குபவருக்குக் காற்றின் வெப்பநிலையை ஒட்டிய ஒரு கூரையைத் தந்துவிடுகிறது. இரண்டாவது போர்வை செய்யும் வேலையை அதனினும் குறைந்த எடையில் அது செய்துவிடும். பக்கங்களைத் தரையோடு இறுக்கி மூடிவிட்டால் மூச்சில் வெளியேறும் நீராவி விரிப்பின் உட்புறம் துளிர்த்துச் சொட்டும் என்பதால், இரு முனைகளையும் திறந்துவிடுவது நல்லது. படுக்கும் இடத்திலும் இதே அறிவு உதவும். இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று எடை மிகுந்து, நீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் தெளிந்த, காற்றசையாத இரவில் பள்ளத்தாக்கின் அடித்தளம் அதற்குச் சற்று மேலுள்ள சரிவைவிடக் குளிர்ந்திருக்கும். உயரம் கூடினால் குளிர் கூடும் என்ற முன்கணக்கு இங்கே தலைகீழாகிறது. ஓடையோரத்து மணல்திட்டு எவ்வளவு மெத்தென்றிருந்தாலும் அது குளிர் தேங்கும் குழி. மேலே எங்கோ பெய்த மழைக்கு இரவில் நீர் வரும் வழியும் அதுவே.

இனித் தரை. மேலிருந்து வரும் குளிரைவிடக் கீழே போகும் வெப்பத்தைப் புதியவர் குறைத்தே மதிப்பிடுகின்றனர். இதற்கு விளக்கம் தரும் சான்று அலகாபாத்தில் கிடைக்கிறது. இயந்திரங்கள் வருவதற்கு முன், வட இந்தியாவில் குளிர்காலத்துத் தெளிந்த இரவுகளில், காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலிருந்தபோதே, தொழிலாளர்கள் திறந்தவெளியில் பனிக்கட்டி உண்டாக்கினர். ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1775 இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அந்த முறையை எழுதி அனுப்பினார். ஆழமில்லாத அகன்ற குழி வெட்டி, அதில் கரும்புச் சக்கையையோ உலர்ந்த சோளத் தட்டையையோ ஏறத்தாழ ஓரடி கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் தட்டையான மண்சட்டிகளில் காய்ச்சி ஆறிய நீரை வைப்பர். நீர் வானத்துக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்க, அந்த இழப்பை ஈடுசெய்யக் கீழேயுள்ள மண் வெப்பம் தந்துவிடாதபடி தட்டைப் படுகை தடுத்துவிடும். தட்டையின் நார் அன்று, நாருக்கு இடையே சிறைப்பட்ட காற்றே உண்மையான தடை. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிகச் சோம்பலானது. பனிக்கட்டி செய்தவர் மண்ணின் வெப்பம் சட்டிக்கு ஏறாமல் தடுத்தார். மலையில் படுப்பவர் உடலின் வெப்பம் மண்ணுக்கு இறங்காமல் தடுக்க வேண்டும். செய்முறை ஒன்றே.

இங்கே புதியவர் வழக்கமாகச் செய்யும் பிழை, தடித்த போர்வை ஒன்றை எடுத்துச்சென்று பாதியை விரித்து மீதியைப் போர்த்திக்கொள்வது. குறும்பர் நெய்த முரட்டுக் கம்பளியானாலும் கடையில் வாங்கிய பஞ்சு உறக்கப்பையானாலும், வெப்பம் காப்பது இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான். உடலின் எடை அழுத்தும் இடத்தில் அந்தக் காற்று பிதுங்கி வெளியேறிவிட, முதுகின் கீழே இருப்பது வெறும் துணி. அழுந்தாத தடை வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள, குமிழிகள் மூடிய நுரைப்பாய் அத்தகையது. உடல் அழுத்தினாலும் ஒவ்வொரு குமிழியும் தன் காற்றை விடுவதில்லை. அது கிடைக்காவிட்டால் ஊராரிடம் கேட்டு வைக்கோல் வாங்கிப் பரப்பி அதன்மேல் கோரைப்பாய் விரிக்கலாம். மொட்டைமாடியில் வெறுந்தரையில் படுத்துப் பழகியோர் பாயின் அருமையை உணராமல் போவதற்கும் காரணம் உண்டு: பகல் முழுவதும் வெயிலை உண்ட கான்கிரீட் நள்ளிரவு கடந்தும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது. மலைச்சரிவின் ஈரமண் அப்படிப்பட்டதன்று.

ஏற்றத்தின் கணக்கு இரவின் கணக்கோடு இணையும் இடம் வியர்வை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ பையோடு 600 மீட்டர் ஏறும்போது, அந்த 70 கிலோவையும் உயர்த்தும் வேலைக்குச் சுமார் 100 கிலோகலோரி தேவை. தசைகள் தாம் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவதால், உண்மையில் 400 கிலோகலோரி எரிந்து, 300 வெப்பமாக மிஞ்சுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் அரை லிட்டர் வியர்வை. நடையின் பிற செலவுகளும், ஆவியாகாமல் சொட்டிப்போகும் வியர்வையும் சேர்ந்தால் இது இருமடங்காகலாம். அதில் ஒரு பகுதி சட்டையிலேயே தங்குகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி நீரை இழைக்குள்ளேயே இழுத்துப் பிடித்துவைக்கும். உச்சியை அடைந்ததும் காற்று வாங்கியபடி அந்தச் சட்டையோடே உட்கார்ந்திருப்பவர், இரவுக்குச் சேமிக்க வேண்டிய வெப்பத்தை மாலையிலேயே செலவழித்துவிடுகிறார். பையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இறுகக் கட்டி, இரவுக்கென்றே ஒதுக்கிய உலர்ந்த உடை ஒரு ஜோடியும் காலுறையும் இருக்க வேண்டும். ஏறும்போது எவ்வளவு ஆசையிருந்தாலும் அதைத் தொடக்கூடாது.

எடையைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையும் இந்தக் கணக்கில் கலைகிறது. ஒரு கிலோ கூடுதல் சுமையை 600 மீட்டர் உயர்த்த உடல் எரிக்கும் ஆற்றல் ஆறு கிலோகலோரிக்கும் குறைவு; இரண்டு நிலக்கடலைப் பருப்பில் அது அடங்கிவிடும். சுமை களைப்பூட்டுவது ஆற்றல் தீர்வதால் அன்று, அதைத் தாங்கும் விதத்தால். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துச் சுமக்கும் பெண் அதே குடத்தைக் கைகளை நீட்டி ஏந்தச் சொன்னால் பத்தடி போகமாட்டார். குடத்தின் எடை மாறவில்லை, உடலின் நிறைமையத்திலிருந்து அதன் தொலைவுதான் மாறியது. இந்திய உடலியல் ஆய்வாளர்களான தத்தாவும் ராமநாதனும் 1971 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே 30 கிலோ சுமையைத் தலைச்சுமை, காவடி, முதுகுப்பை, நெற்றிப்பட்டை, கைச்சுமை உள்ளிட்ட ஏழு முறைகளில் சுமக்கச் செய்து, உடல் செலவிடும் ஆற்றலை அளந்தனர். மார்பிலும் முதுகிலுமாகப் பிரித்துக் கட்டிய சுமைக்கு மிகக் குறைந்த செலவும், இரு கைகளில் தூக்கிய சுமைக்கு மிக அதிகச் செலவும் ஆயின. பென்னாகரம் தொகுதியில் சாலை எட்டாத கோட்டூர் மலைக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏறுவதைச் செய்தித்தாள்கள் படமெடுத்து வெளியிடுகின்றன. அங்கும் சுமை முதுகெலும்பின் இருபுறமும் சமமாகப் பிரிந்தே தொங்குகிறது.

முதுகுப்பையைக் கட்டும் முறை இதிலிருந்தே கிடைக்கிறது. தண்ணீர், அரிசி, பாத்திரம் முதலிய கனத்த பொருள்கள் தோள்பட்டைகளுக்கு இடையே, முதுகை ஒட்டி அமைய வேண்டும். உறக்கத் துணிகள் அடியிலும், இலேசானவை வெளிப்புறத்திலும் போகலாம். இடுப்புப் பட்டை உள்ள பையில் சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின்மேல் இறங்குமாறு பட்டையை முதலில் இறுக்கி, பிறகே தோள்வாரை இழுக்க வேண்டும். இடுப்புக்குடம் கற்பித்த பாடமே இது. கையில் தனிப் பை வேண்டவே வேண்டாம். காலின் எடையையும் மறக்கலாகாது: அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் சோலும் கோல்ட்மனும் 1969 இல் கண்டபடி, காலில் கட்டிய சுமை உடம்பின் நடுவில் சுமந்ததைப் போல நான்கு முதல் ஆறு மடங்குவரை ஆற்றலைத் தின்கிறது, ஏனெனில் ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டியுள்ளது. கனத்த பூட்ஸைவிட நன்கு பழகிய, பிடிமானமுள்ள இலகுவான காலணியே இந்த மலைகளுக்குப் போதும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைப் பை தாண்டலாகாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. முதல்முறை செல்பவருக்கு அதனினும் குறைவே தகும். உண்மையான தேர்வு இறக்கத்தில் வருகிறது: இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, அடுத்த இரண்டு நாள் வலியாக வெளிப்படுகின்றன.

பையில் மிகக் கனமானது தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதைச் சுருக்கவோ உலர்த்தவோ வழியில்லை. இரண்டு பகல் நடைக்கும் ஓர் இரவுக்கும் சேர்த்து ஐந்து லிட்டருக்குமேல் தேவைப்படலாம் என்பதால், பாதியைச் சுமந்து மீதியை மேலே நிரப்பிக்கொள்ளத் திட்டமிடுவோர் உண்டு. தருமபுரியில் இங்கே ஒரு தனி எச்சரிக்கை அவசியமாகிறது. இம்மாவட்டத்தின் கடினப் பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்னும் வரம்பை அது பல இடங்களில் தாண்டியதால், பற்கள் கறைபட்டு எலும்புகள் வலுவிழந்த தலைமுறைகள் இங்கே வாழ்ந்தன. ஜப்பானியக் கடனுதவியுடன் 2013 இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்தத் துயரைத் தணிக்கவே எழுந்தது. கொதிக்க வைத்தால் நீர் தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை கிருமிகளைப் பொறுத்தவரை சரியே. ஆயிரம் மீட்டர் உயரத்தில் நீர் 97 பாகை அளவிலேயே கொதித்தாலும் நோய்க்கிருமிகளை அழிக்க அது போதும். ஃபுளூரைடோ உப்பைப் போன்றது. நீர் ஆவியாக ஆவியாக எஞ்சிய நீரில் அது செறிவடையவே செய்யும். குளோரின் வில்லையும் அதைத் தொடாது. ஓர் இரவு அந்த நீரைக் குடித்தவருக்குத் தீங்கு நேராது, ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்கே நேர்கிறது. எனவே பயணி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தனக்கு ஓர் இரவுக்கான கேள்வியாக இருப்பது ஊராருக்கு வாழ்நாள் கேள்வி என்பதை உணர்ந்து, எந்தக் குழாயில் குடிநீர் வருகிறது என்று அவர்களையே கேட்டு நிரப்பிக்கொள்வது முறை.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. களி இம்மண்ணின் உணவாயினும் வெந்த களியில் பெரும்பங்கு நீர்; ராகி மாவாகச் சுமந்து மேலே நீர் சேர்ப்பதே அறிவு. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கடலை மிட்டாய் எடைக்கு எடை மிகுந்த ஆற்றல் தருவது, அடுப்பும் கேளாதது. ஓர் இரவுக்கு அடுப்பையே தவிர்த்துவிடலாம். மார்ச், ஏப்ரல் மாதக் காய்ந்த புல்லில் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்பதைக் குரங்கணிக்குப் பின் விளக்க வேண்டியதில்லை.

நேரமும் பையில் வைக்க வேண்டிய பொருளே. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் வகுத்த எளிய விதிப்படி, ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரமும், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். சுமையோடு செல்லும் புதியவர் அதைப் பாதியளவு கூட்டிக்கொள்ளலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இந்த 12 பாகை அட்சரேகையில் சூரியன் சாய்வாக அன்றி ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், அந்திவெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேராதவர் விரிப்பைக் கட்டுவதையும் இடத்தைத் தேர்வதையும் இருட்டில் செய்ய நேரும். டார்ச் இரண்டு வேண்டும். ஒன்று பழுதானால் கடன் கேட்கப் பக்கத்தில் எவரும் இல்லை. இருவர் சென்றால் ஒரு பாத்திரம், ஒரு விரிப்பு, ஒரு முதலுதவிப் பெட்டி போதும். தனியே செல்பவரின் பை பாதியாவதில்லை என்பது இதனால்தான்.

கொசுவலையைப் பலர் கொசுவுக்கென்றே எண்ணி விட்டுச்செல்கின்றனர். கட்டுவிரியன் இரவில் இரைதேடும் பாம்பு. தரையில் உறங்குவோரை அது கடிப்பதும், கடி வலியின்றி இருப்பதால் கடிபட்டவர் அறியாமலே இருந்துவிடுவதும் தென்னாசிய மருத்துவர் நன்கறிந்தவை. நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்து 2007 இல் வெளியான ஆய்வு, கொசுவலைக்குள் உறங்குவோருக்கு இந்த இரவுக்கடி குறைவு எனக் காட்டியது. வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் நாற்புறமும் செருக வேண்டும், அவ்வளவே. வலையின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. கடிபட்ட ஐயம் எழுந்தாலே, வலி இல்லையென்றாலும், 108 ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த வழியில் ஏறுகிறார், யார் நிலத்தில் தங்குகிறார், மறுநாள் எத்தனை மணிக்குள் தொலைபேசியில் பேசுவார் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துச் செல்வதும், அந்த மணி தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்று அதிலேயே குறிப்பதும், பைக்கு எடை சேர்க்காத ஏற்பாடுகள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன், மேகமற்ற ஓர் இரவில், வெல்ஸ் செய்ததை வாசகர் தம் வீட்டுக் களத்திலோ தோட்டத்துப் புல்லிலோ செய்து பார்க்கலாம். சம எடையுள்ள இரு பஞ்சுத் துண்டுகளில் ஒன்றைத் திறந்த புல்லிலும், மற்றதை ஒரு நாற்காலியின் அடியிலும் மாலையில் வைத்துவிட்டு, தாமும் அன்றிரவு கட்டிய பையிலுள்ளவற்றை மட்டும் கொண்டு, விரிப்பின் கீழ், பாயின்மேல் அங்கேயே உறங்க வேண்டும். எது குறைந்தது, எது தேவையின்றிக் கிடந்தது என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும். காலையில் எழுந்ததும் இரு பஞ்சுகளையும் விரல்களுக்கிடையே பிழிந்து பார்க்கவும். நாற்காலிக்கு அடியில் இருந்ததில் ஒரு சொட்டும் வராது.